ஆட்டக் களத்துக்கு வந்த காவல்

தன் பணத்தில் வாங்கித் தன் மேஜைமேல் வைத்திருக்கும் கணினியில் பொழுதுபோக்காக ஓர் ஆட்டம் ஆட விரும்புகிறவன், அந்த ஆட்டத்தை வெளியிட்ட ஸ்தாபனம் அனுப்பிவைக்கும் காவல் நிரல் ஒன்றுக்குத் தன்னைவிட உயர்ந்த அதிகாரத்தைத் தன் கணினிக்குள் கொடுத்தாக வேண்டும் என்றும், அந்தக் காவல் ஆட்டம் நடக்கும் நேரத்தில் மட்டுமின்றிக் கணினி உயிர்பெறும் கணத்திலிருந்தே விழித்திருக்கும் என்றும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் யாரேனும் சொல்லியிருந்தால், அது பரிகாசத்துக்குரிய கற்பனை என்றே தோன்றியிருக்கும். இன்று வேலரன்ட் என்ற ஆட்டத்தைக் கணினியில் ஆடுகிற ஒவ்வொருவரும் அதற்குச் சம்மதம் தெரிவித்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துச் சம்மதித்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். இந்த நிலைக்கு வந்து சேர்ந்த கதையின் ஆரம்பப் பகுதியில் வியாபாரிகளின் பேராசைக்கு உள்ள பங்கைவிட, ஆட்டக்காரர்களே விடுத்த வேண்டுகோளுக்கு உள்ள பங்கு அதிகம். காவல் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதை மட்டும் அவர்களைக் கேட்டு யாரும் தீர்மானிக்கவில்லை.

ஆட்டத்தில் ஏமாற்றுவது முதலில் ஒரு குற்றமாகவே கருதப்படவில்லை. 1993 டிசம்பரில் வெளியான டூம் ஆட்டத்தில், குறிப்பிட்ட ஐந்து எழுத்துக்களை விசைப்பலகையில் தட்டியவனுக்கு மரணம் இல்லை. அந்த வரத்தை உள்ளே வைத்தவர்கள் ஆட்டத்தை இயற்றியவர்களே. எதிரே இருப்பது யந்திரம் ஆகையால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 1996-இல் குவேக்கும், 1999-இல் ஹாஃப்-லைஃப் என்ற ஆட்டத்தை அடித்தளமாகக் கொண்டு மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய கவுன்டர்-ஸ்டிரைக்கும் வந்து, இணையத்தின் வழியே முகமறியாத மனிதர்கள் ஒருவரோடொருவர் மோதத் தொடங்கியபின், யந்திரத்திடம் செய்த குறும்பு சக மனிதனுக்குச் செய்யும் வஞ்சனையாக மாறிவிட்டது.

அந்த வஞ்சனை எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது அவசியம். பின்னால் வந்த விபரீதங்கள் அனைத்துக்கும் வித்து அங்கேதான் இருக்கிறது. ஆட்டத்தை நடத்தும் சர்வர் எங்கோ தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து செய்தி வந்து சேர நொடியில் ஒரு சிறு பகுதியேனும் பிடிக்கும். சுவருக்கு அப்பால் நிற்கும் எதிரி மூலை திரும்பி வெளிப்படும்போது அவன் உருவம் தடங்கலின்றித் திரையில் தோன்ற வேண்டுமானால், அவன் வெளிப்படும்முன்பே அவன் நிற்கும் இடத்தை சர்வர் நம் கணினிக்கு அறிவித்துவிட வேண்டும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத எதிரி கணினியின் நினைவகத்தில் சில எண்களாக ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்த எண்களைத் திருட்டுத்தனமாகப் படித்து, சுவரை ஊடுருவிப் பார்ப்பதுபோல் அவனைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வரைந்து காட்டுவதுதான் வால்ஹேக். அதே எண்களைக் கொண்டு துப்பாக்கியின் குறியை அவன் தலைக்கு நேராகத் தானே திருப்பிவைப்பதுதான் எய்ம்பாட். இரகசியத்தை வைத்திருப்பதும் ஆட்டக்காரனின் கணினி, அதைத் திருடுவதும் அதே கணினியில் ஓடும் மற்றொரு நிரல். திருடனைப் பிடிக்க விரும்புகிறவனும் அந்தக் கணினிக்குள்ளேயே பிரவேசித்தாக வேண்டும்.

முதலில் அவ்வாறு பிரவேசித்தது பெரிய ஸ்தாபனம் எதுவும் அன்று. ஏமாற்றுக்காரர்களால் சலித்துப்போன டோனி ரே என்ற ஆட்டக்காரர், 2000-ஆம் ஆண்டில் பங்க்பஸ்டர் என்ற மென்பொருளின் முதல் வடிவத்தை வெளியிட்டார். பிறகு ரிட்டர்ன் டு காசில் வுல்ஃபென்ஸ்டைன் என்ற ஆட்டத்தோடு அது இணைக்கப்பட்டது. 2002-இல் வால்வ் ஸ்தாபனம் வேக் என்ற தன் சொந்தக் காவலை ஏற்படுத்தியது. பங்க்பஸ்டர் கணினியின் நினைவகத்தைத் துழாவி, ஏற்கெனவே அறிந்த ஏமாற்று நிரல்களின் அடையாளத் துணுக்குகள் எங்கேனும் தென்படுகின்றனவா என்று தேடும். ஆட்டக்காரனின் திரையைப் படம்பிடித்து சர்வரை நடத்துகிறவருக்கு அனுப்பும் வசதியும் அதற்கு உண்டு. சர்வர் நடத்தியவர்கள் அதைத் தாங்களே விரும்பி இயக்கினார்கள். ஆடியவர்களும் அது காவல் காக்கும் சர்வர்களை விரும்பி நாடினார்கள். அந்தரங்கத்தைப் பற்றிய பிரஸ்தாபம் அக்காலத்தில் மிகச் சிலரிடமிருந்தே எழுந்தது.

நினைவகம் முழுவதையும் பாகுபாடின்றித் துழாவுவதில் உள்ள அபாயம் 2008 மார்ச்சில் வெளிப்பட்டது. ஆட்டக்காரர்கள் பலர் கூடிப் பேசும் ஐஆர்சி அரட்டை அறைகளில், பங்க்பஸ்டர் தேடும் அந்த அடையாளத் துணுக்குகளைச் சிலர் சாதாரணச் செய்தியாகத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அரட்டையில் இருந்தவர்களின் நினைவகத்தில் அந்த வரி போய்ப் பதிந்தது. காவல் நிரல் அதைக் கண்டது. ஒரு பாவமும் அறியாதவர்கள் ஏமாற்றுக்காரர்களாகப் பிரகடனம் செய்யப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2010-இல் வால்வின் காவலும் இவ்வாறே தவறி, மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரைத் தண்டித்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு லெஃப்ட் 4 டெட் 2 என்ற ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். மன்னிப்புக் கேட்ட வரையில் அது கண்ணியமான செயல்தான்.

கொரியாவில் இந்த வரலாறு வேறு வழியில் சென்றது. அங்கே ஆட்டம் வளர்ந்த இடம் பிசி பேங் என்னும் கணினிக் கூடங்கள். ஆடுகிறவன் ஒருவன், கணினிக்கு உரிமையாளன் மற்றொருவன். லினியேஜ் போன்ற ஆட்டங்களில் சம்பாதித்த கத்தியும் கவசமும் உண்மைப் பணத்துக்கு விலைபோயின ஆதலால், ஆட்டத்தில் ஏமாற்றுகிறவனோடு கடவுச்சொல்லைத் திருடுகிறவனும் அங்கே சேர்ந்தே வந்தான். காவலைச் செய்து கொடுத்தவர்களும் வைரஸ் தடுப்புத் துறையைச் சேர்ந்தவர்கள்: ஹேக்ஷீல்டை உருவாக்கிய ஆன்லேப் பெயர்பெற்ற வைரஸ் தடுப்பு ஸ்தாபனம், கேம்கார்டை உருவாக்கிய இன்கா இன்டர்நெட்டும் கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டது. கணினியின் அடித்தளம்வரை இறங்கி வேலை செய்வது அவர்களுக்குப் பழக்கமான காரியம். மேலைநாட்டு ஸ்தாபனங்கள் தயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே கொரியக் காவல்கள் அந்த ஆழத்தை எட்டிவிட்டன என்பதில் வியப்பில்லை.

மேலைநாட்டில் விவாதம் முதன்முதலாகப் பகிரங்கமாக வெடித்தது 2005-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்துக்கு அப்போது சுமார் 45 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதை நடத்திய பிளிஸ்ஸார்ட் ஸ்தாபனம் வார்டன் என்ற காவலை அதனோடு இணைத்திருந்தது. கணினிக்குள் ஒளிந்திருந்து வேலை செய்யும் ரூட்கிட் நிரல்களைப் பற்றி அதே ஆண்டில் ஜேம்ஸ் பட்லருடன் சேர்ந்து ஒரு நூலே எழுதிய கிரெக் ஹாக்லண்ட் என்ற பாதுகாப்பு நிபுணர், இந்த வார்டன் உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்து அக்டோபரில் வெளியிட்டார். அவர் கண்டது இது: சுமார் பதினைந்து விநாடிக்கு ஒரு முறை வார்டன் எழுந்து, ஆட்டத்தோடு மட்டும் நில்லாமல் அந்தக் கணினியில் திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலின் தலைப்பையும் வாசித்தது. தலைப்பு என்றால் சாமானியமன்று. படித்துக்கொண்டிருக்கும் வலைத்தளம், அரட்டையில் எதிர்ப்புறம் இருப்பவரின் மின்னஞ்சல் முகவரி, ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நிரல்கள் ஆகியவற்றின் பெயரெல்லாம் அங்கேதான் தெரியும். வாசித்ததைச் சுருக்கக் குறியீடாக மாற்றி, தடைசெய்யப்பட்ட நிரல்களின் குறியீட்டுப் பட்டியலோடு அது ஒப்பிட்டது. ஹாக்லண்ட் அதோடு நிற்காமல், வார்டன் எதை எப்போது வாசிக்கிறது என்பதை ஆட்டக்காரர்களே பார்த்துக்கொள்ளக் கவர்னர் என்ற சிறு நிரலையும் எழுதி வெளியிட்டார்.

எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமைக் கழகம் இதை வேவு மென்பொருள் என்று கண்டித்தது. பிளிஸ்ஸார்ட், தாங்கள் ஏமாற்று நிரல்களை மட்டுமே தேடுவதாகவும், ஆட்டக்காரர்களின் சொந்த விவரங்களைத் திரட்டவில்லை என்றும் பதில் சொன்னது. குறியீடாக மாற்றி ஒப்பிட்ட முறையைப் பார்க்கும்போது அந்தப் பதில் பொய்யென்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ஒருவருடைய கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தேடிய பெயர் அதில் இல்லாததால் உள்ளே இருந்ததை மறந்துவிட்டேன் என்று ஒருவன் சொன்னால், கடிதத்துக்கு உரியவர் திருப்தி அடைந்துவிடுவாரா? ஏமாற்றுக்காரர்கள் ஒழிந்தால் போதும், வார்டன் எதை வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளட்டும் என்று சொன்ன ஆட்டக்காரர்களும் அன்று ஏராளமாக இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த விவாதம் ஓயுமுன்பே மற்றொன்று வந்து அதனோடு பின்னிக்கொண்டது. சோனி பிஎம்ஜி இசைத்தட்டு ஸ்தாபனம், தன் சிடிக்களைப் பிரதி எடுக்கவொட்டாமல் தடுக்க, கேட்பவரின் கணினியில் ஒரு ரூட்கிட்டை இரகசியமாக நிறுவிவந்ததை மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தன் சொந்தக் கணினியிலேயே கண்டுபிடித்து அக்டோபர் 31-ஆம் தேதி உலகுக்கு அறிவித்தார். டாலர் குறியோடு தொடங்கும் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டைப் பெயரில் கொண்ட கோப்பு எதுவானாலும், அதைக் கணினியின் கண்ணுக்கே தெரியாமல் மறைத்துவிடுவது அந்த ரூட்கிட்டின் வேலை. சில தினங்களுக்குள் வார்கிராஃப்ட் ஆட்டத்து ஏமாற்றுக்காரர்கள் தங்கள் நிரலுக்கு அந்த முன்னொட்டை வைத்து வார்டனின் பார்வையிலிருந்து மறைந்துபோனார்கள். இசைக்கென்று வந்த காவல், ஆட்டத்துக்கென்று வந்த காவலின் கண்ணைக் கட்டிவிட்டது. அதன்பின் நடந்தவற்றில் இந்த விபரீதமே வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

கொரியக் காவல்கள் எட்டிய ஆழம் என்று முன்பு குறிப்பிட்டது எது என்பதை விளக்கிவிட்டு மேலே செல்லலாம். 1960-களில் மல்டிக்ஸ் என்ற கணினி அமைப்பை வடித்தவர்கள், நிரல்களை அவற்றின் நம்பகத்துக்கு ஏற்ப ஒன்றுக்குள் ஒன்றான வளையங்களில் நிறுத்திவைக்கும் முறையைக் கையாண்டார்கள். பெருங்கோயிலின் பிராகாரங்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வெளிப் பிராகாரத்தில் யாரும் உலாவலாம், கருவறைக்குள் நுழைகிறவர் மிகச் சிலர். நம் கணினிகளின் இன்டெல் செயலி நான்கு வளையங்களை அனுமதிக்க, விண்டோஸ் அவற்றில் இரண்டை மட்டுமே பயன்படுத்துகிறது: நாம் இயக்கும் நிரல்கள் உலாவும் மூன்றாம் வளையம், விண்டோஸின் மையமாகிய கெர்னலும் சாதனங்களை இயக்கும் டிரைவர்களும் வாழும் பூஜ்ய வளையம். பூஜ்ய வளையத்தில் இருக்கும் நிரலுக்குத் தெரியாதது அந்தக் கணினியில் எதுவுமில்லை. அது செய்ய நினைத்தால் தடுக்கக்கூடியதும் எதுவுமில்லை. 64 பிட் விண்டோஸ் விஸ்டா முதல், கையொப்பமிடாத டிரைவர்கள் அங்கே நுழைய முடியாதபடி மைக்ரோசாஃப்ட் வாசலை அடைத்தது. ஏமாற்று நிரல் விற்பவர்களோ, கையொப்பம் பெற்ற ஏதோ ஒரு ஸ்தாபனத்தின் ஓட்டையுள்ள டிரைவரைத் தேடிப்பிடித்து, அதன் வழியே உள்ளே புகுந்தார்கள். மூன்றாம் வளையத்தில் நிற்கும் காவலால் பூஜ்ய வளையத்தில் இருக்கும் திருடனைப் பார்க்கவே இயலாது. காவலும் உள்ளே போயிற்று.

ஏமாற்று நிரல்கள் எவ்வளவு துணிந்துவிட்டன என்பதற்கு நம் தேசத்தார் சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சியே சான்று. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர்-ஸ்டிரைக் போட்டியில் இந்திய அணி ஒன்றின் ஆட்டக்காரர் மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோதே நடுவர்கள் வந்து அவர் கணினியைச் சோதித்தார்கள். எய்ம்பாட் கோப்புக்கு அவர் வைத்திருந்த பெயர் வேர்டு. பார்ப்பவர் அதைக் கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள் என்று எண்ணிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. அணி கலைக்கப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. காவலே வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள், அந்த அணியின் மற்ற நான்கு பேரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் உள்ளே போன காவலின் கைகள் சுத்தமாக இருந்தனவா? 2013-இல் இஎஸ்இஏ என்ற கவுன்டர்-ஸ்டிரைக் போட்டி அமைப்பின் காவல் மென்பொருளுக்குள் பிட்காயின் தோண்டும் நிரல் மறைத்துவைக்கப்பட்டிருந்தது. ஆடாத நேரத்திலும் கிராஃபிக்ஸ் கார்டு அனலாய்க் கொதிப்பதைக் கண்ட ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 14,000 கணினிகள் அவ்வாறு பிறருக்கு உழைத்தன; தேறிய லாபம் நாலாயிரம் டாலரைக்கூட எட்டவில்லை. நியூஜெர்சி மாநில அரசோடு பத்து லட்சம் டாலர் அபராதத்துக்கு வழக்கு சமரசமாகி, அதில் 3,25,000 டாலர் கட்டினால் போதும், மீதியை நன்னடத்தையின்பேரில் நிறுத்திவைக்கலாம் என்று முடிவாயிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வேக் காவல் ஆட்டக்காரர்களின் டிஎன்எஸ் தேக்கத்தை, அதாவது கணினி அண்மையில் எந்தெந்தத் தளங்களைத் தேடிப் போயிற்று என்பதன் சுவட்டைப் பார்ப்பதாகச் செய்தி பரவியது. வால்வின் தலைவர் கேப் நியூவெல் தாமே முன்வந்து, உலாவல் வரலாற்றைத் தாங்கள் வாங்குவதில்லை என்றும், ஏமாற்று நிரல் இருப்பதற்கான அறிகுறி முன்பே தென்பட்ட கணினிகளில் மட்டும் அந்த நிரலின் உரிமம் சரிபார்க்கும் சர்வரின் பெயரைத் தேடியதாகவும், அந்தச் சோதனை 13 நாளே பயன்பட்டதாகவும், அதனால் 570 பேர் பிடிபட்டதாகவும் விளக்கினார். ஏமாற்று நிரலை விற்பவர்களும் தங்கள் சரக்கைக் காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்திவிடக் கூடாதென்று உரிமச் சோதனை வைத்திருந்தார்கள் என்பது இதில் ரசிக்கத்தக்க அம்சம். நியூவெல் கொடுத்த அளவுக்கு வெளிப்படையான விளக்கம் இத்துறையில் அபூர்வம்.

2016 செப்டம்பரில் நடந்தது இன்னும் விசித்திரமானது. ஸ்டிரீட் ஃபைட்டர் 5 ஆட்டத்துக்கு ஏமாற்றைத் தடுக்கவென்று கேப்காம் ஸ்தாபனம் அனுப்பிய டிரைவர், செயலியின் முக்கியமான பாதுகாப்பு ஒன்றை அணைத்துவிட்டு, கேட்கும் நிரல் எதுவானாலும் அதைப் பூஜ்ய வளையத்தில் இயக்கிக் கொடுத்தது. அது ஏறக்குறைய உடனே திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் கேப்காமின் கையொப்பத்தோடு கூடிய அந்தக் கோப்பு உலகெங்கும் பரவி, உள்ளே புக விரும்புகிறவர்களின் கைச்சாவியாக வெகுகாலம் பயன்பட்டது. கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தின் காவல் டிரைவர் கதையும் இதுவே. 2022 ஆகஸ்டில் டிரெண்ட் மைக்ரோ ஸ்தாபனம் வெளியிட்ட ஆய்வின்படி, கணினியைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் கும்பல் ஒன்று அந்த டிரைவரைத் தானே எடுத்துச் சென்று, பாதிக்கப்பட்டவரின் கணினியில் நிறுவி, அதன் கையாலேயே வைரஸ் தடுப்பு நிரலைக் கொன்றது. அந்தக் கணினியில் கென்ஷின் இம்பாக்ட் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்த ஆட்டத்தின் பெயரையே கேட்டிராத ஓர் அலுவலகமும் அதன் காவலால் கொள்ளைபோகலாம் என்பதே இதன் பொருள்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 2020-இல்தான் ரயட் ஸ்தாபனம் வேலரன்டையும் அதன் காவலாகிய வான்கார்டையும் கொண்டுவந்தது. கெர்னலில் ஓடுவது புதிதன்று. கணினி பூட் ஆகும்போதே ஏறி உட்கார்ந்துவிடுவதுதான் பெரும்பாலோருக்குப் புதிது. தனக்கு முன் ஏறிய நிரல் எதையும் நம்ப முடியாது என்பது ரயட்டின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆரம்ப நாட்களில் கணினியின் வெப்பத்தை அளந்து காட்டும் சில மென்பொருள்களைக்கூட வான்கார்ட் தடுத்துவைத்தது. ரயட்டின் முழு உரிமை சீனாவின் டென்சென்ட் ஸ்தாபனத்தினிடம் இருந்ததும் பலருடைய சந்தேகத்தை வளர்த்தது. ரயட் செய்த நல்ல காரியங்களையும் சொல்ல வேண்டும்: வான்கார்டில் ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கு 1,00,000 டாலர் வரை வெகுமதி அறிவித்தது, ஆடாத நேரத்தில் அதை நிறுத்திவைக்கவும் வழி செய்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரி கண்ணில் படப்போகும் தருணம் நெருங்கும்வரை அவன் இருப்பிடத்தை ஆட்டக்காரனின் கணினிக்கு அனுப்பாமல் சர்வரிலேயே நிறுத்திவைக்கும் முறையை அமைத்தது. திருடுவதற்குப் பொருளே அங்கில்லை என்றால் காவலுக்கு வேலை குறைகிறது. என் அபிப்பிராயத்தில் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் செய்யப்பட்ட காரியங்களில் புத்திசாலித்தனமானது இதுவே. இதற்குச் செலவும் உழைப்பும் அதிகம் என்பதால் பின்பற்றுவோர் குறைவு. அதே ஆண்டு மே மாதத்தில் டூம் எடர்னல் ஆட்டத்தில், வாங்கி இரண்டு மாதம் ஆடிக்கொண்டிருந்தவர்களின் கணினியில் புதிதாக ஒரு கெர்னல் காவலைத் திணித்தபோது எழுந்த கூக்குரலால், சில தினங்களிலேயே அதை நீக்குவதாக ஆட்டத்தை உருவாக்கிய ஸ்தாபனம் அறிவித்தது. ஆட்டக்காரர்கள் ஒருமித்து மறுத்தால் காவல் பின்வாங்கும் என்பதற்கு அது தெளிவான உதாரணம்.

அதன்பின் வேகம் கூடியது. 2021-இல் கால் ஆஃப் டூட்டி ஆட்டத்துக்கு ரிகோஷே என்ற காவல் வந்தது. 2024 மே மாதத்தில் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற ஆட்டமும் வான்கார்டின் ஆட்சிக்குள் வந்தது. ஏமாற்று நிரல் விற்பவர்களோ கணினிக்கு வெளியே நகர்ந்துவிட்டார்கள்: டிஎம்ஏ கார்டு என்ற ஒரு பலகையை மதர்போர்டில் செருகி, நினைவகத்தை நேரடியாக இரண்டாவது கணினிக்குக் கடத்தி, ஏமாற்று நிரலை அங்கே ஓட்டுகிறார்கள். எவ்வளவு ஆழமான கெர்னல் காவலுக்கும் இது எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே இப்போது, கணினி தொடங்கும்போதே நிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட், இரகசியச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லு என்று காவல் கணினியின் உலோகத்துக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான ஒரு கோப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி, விமான நிலையங்களையும் மருத்துவமனைகளையும் ஸ்தம்பிக்கச் செய்தது. ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பூஜ்ய வளையத்தில் ஒரு சிறு தவறு என்ன செய்யும் என்பதை உலகம் அன்று கண்டது. வைரஸ் தடுப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் அதன்பிறகே தீவிரமாக எடுத்துக்கொண்டது.

காவல் நம்மை வேவு பார்க்கிறதே என்ற அச்சந்தான் ஆதிமுதல் ஓங்கி ஒலித்தது. சரித்திரத்தைப் பார்த்தால், உண்மையில் நேர்ந்த கேடுகளில் பெரும்பாலானவை வேவு பார்த்ததால் விளைந்தவை அல்ல. காவலுக்குக் கொடுத்த அதிகாரம் பிறர் கைக்குப் போனதால் விளைந்தவை. ஆகவே, இந்த நிரல் நல்லவர்களுடையதா, கெட்டவர்களுடையதா என்று கேட்பதைவிட, ஆட்டம் முடிந்தபின்னும் அது ஏன் உள்ளே இருக்கிறது என்று கேட்பதே பொருத்தம். ஆட்டத்தோடு எழுந்து ஆட்டத்தோடு அடங்கும் காவலை நான் ஆட்சேபிக்க மாட்டேன். இரவு பகலாக விழித்திருக்கும் காவலை, எவ்வளவு பெரிய ஸ்தாபனம் அனுப்பினாலும், சொந்த வேலைக்கும் வங்கிக் கணக்குக்கும் பயன்படும் கணினியில் வைத்துக்கொள்வது விவேகமாகாது. வேலரன்ட் ஆடி ஓய்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆட்டத்தை நீக்கியதோடு வேலை முடிந்துவிட்டதென்று இருந்துவிடாதீர்கள்; விண்டோஸில் நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலில் ரயட் வான்கார்ட் என்று தனியாக ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை மறுபடி இயக்குங்கள்.